கை படாத ஒரு மணி நேரம்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு என் வீட்டுக்காரருடையது. ரயில் அறை டிராயரில் கிடந்தது. பாதிக்கு மேல் எழுதி நிரப்பியிருக்கிறார். மிச்சப் பக்கங்களை வீணாக்குவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்த நாலு மாதமாக யாரும் கேட்காத நோட்டு, இனிமேலும் கேட்கப்போவதில்லை.

இன்று சங்கத்திலிருந்து வந்தார்கள். சின்ன ரயில் சங்கம் என்று பெயர். வீட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிற ரிட்டயர்டு ஆம்பிளைகள் பதினோரு பேர், அவர் போனபின் பத்து பேர். தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் பதித்த பலகைக்கு அவர்கள் பாஷையில் லேஅவுட் என்று பெயர். வந்தது செயலாளர் எபினேசர் சாரும், மூக்குக்கண்ணாடிக் கடை நிஜாமுதீன் பாயும். 'பொம்மை ரயில்' என்று சொன்னால் எபினேசர் சாருக்கு முகம் சுருங்கும். அதனால் இரண்டு தடவை சொன்னேன்.

"சிஸ்டர், தணிகாசலம் போன வருஷமே சங்கத்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு வச்சிருக்காரு. தனக்கப்புறம் வீட்ல யாராலயும் ஓட்ட முடியலேன்னா லேஅவுட் சங்கத்துக்குன்னு. நாங்களா வந்து கேக்கறதா நினைக்காதீங்க."

"யாராலயும்னா யாரு சார்?"

"சுபாஷிணி ஓசூர்ல இருக்கு. மாப்பிள்ளைக்கு இதுல இஷ்டம் கிடையாது. வேற யாரு இருக்கா?"

"நான் இந்த வீட்லதானே இருக்கேன்."

பாய் தரையைப் பார்த்தார். எபினேசர் சார் சிரித்தார். மரியாதையான சிரிப்புதான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்ட முடியும் என்பதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 'கை படாத ஒரு மணி' என்பார்கள். ஒரு இன்ஜின், எறும்பு ஊர்கிற வேகத்தில், ஒரு மணி நேரம் லேஅவுட்டைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இடையில் யார் கையும் அதன்மேல் படக்கூடாது. இரண்டு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். தேறினால் ரெஜிஸ்டரில் பெயர்.

"அந்த ஒரு மணிய நான் ஓட்டிக் காட்டறேன். எப்ப வர்றீங்க?" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு, காலை பத்து மணி. ஓடாவிட்டால் லேஅவுட்டை நாலு துண்டாக அறுத்து மாடிப்படி வழியாக இறக்கிக்கொண்டு போவார்கள். அறுப்பது என்ற சொல்லை எபினேசர் சார் சொல்லவில்லை. 'பிரிச்சு எடுத்துக்கறோம்' என்றார்.

ஜூன் 11, புதன்

ரயில் அறையில் முதல்முறையாக உட்கார்ந்தேன். பெருக்குவதற்குக்கூட நான் உள்ளே போனதில்லை, அவரே பெருக்கிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக காப்பியை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

பதினாலு அடிக்கு ஒன்பது அடி பலகை. ஸ்டேஷன், பாலம், வயல், ஓரத்தில் பிளாஸ்டரில் ஒரு மலை, மலைக்குள் குகை. அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்ஜின் பச்சை நிற டீசல், ஒரு சாண் நீளம்.

கரண்ட் கொடுக்கிற பெட்டியின் குமிழைத் திருப்பினேன். உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டு அடி போய் நின்றது. மறுபடி முதலிலிருந்து உறுமியது. போனது, நின்றது.

விஷயம் எனக்குப் புரிகிறது. பழைய காலத்துப் பொம்மை ரயிலில் கரண்ட் ஒரு நொடி போனால் வண்டி லேசாகக் குலுங்கிவிட்டு ஓடிவிடும். இதற்குள் ஒரு சின்ன மூளை இருக்கிறது, டிகோடர் என்று பெயர். கரண்ட், கட்டளை இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் அதற்கு வருகிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண் இமைக்கிற நேரம் தொடர்பு அறுந்தால்கூட அது எல்லாவற்றையும் மறந்து, இப்போதுதான் எழுந்தது மாதிரி இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற சத்தத்திலிருந்து ஆரம்பிக்கும்.

அந்தச் சத்தத்தை சமையலறையிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்டால், "ஸ்டேஷன்லேர்ந்து கிளம்புது" என்பார். இரண்டு அடிக்கு ஒரு ஸ்டேஷன் போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

ஒரு சுற்றுக்கு இருபத்து மூன்று தடவை நிற்கிறது. எண்ணினேன்.

ஜூன் 15, ஞாயிறு

சுபாஷிணி போன் செய்தாள். எபினேசர் சார் அவளிடமும் பேசியிருக்கிறார்.

"அம்மா, குடுத்துடேன். அந்த ரூம் காலியானா நீ காத்தோட்டமா படுக்கலாம்."

"எனக்குக் காத்து வருதுடி."

"அப்பா இருக்கும்போது அத நீ திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

திரும்பிப் பார்க்கவில்லையா, திரும்பிப் பார்க்க விடவில்லையா என்று அவளுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் செல்லம் அவள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்தேன். கேஸ் தீரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் துணி ஊறவைத்தேன். பிறகு சக்கரம் துடைத்தேன். டிஷ்யூ பேப்பரை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டவாளத்தின்மேல் போட்டு, இன்ஜினின் பாதிச் சக்கரத்தை அதன்மேல் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓடவிட வேண்டும். பேப்பரில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது, கண்மை மாதிரி. எட்டுப் பேப்பர் ஆனபிறகுதான் வெள்ளையாக வந்தது.

தண்டவாளம் முழுக்கக் கீறல். மனுஷன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். தேய்த்த அன்று பளபளவென்றுதான் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு கீறலிலும் அழுக்கு குடியேறும், இன்னும் தேய்க்கத் தோன்றும், இன்னும் கீறல் விழும். நான் மெத்தென்ற துணியும் ஸ்பிரிட்டும் வைத்து ஒவ்வொரு அடியாகத் துடைத்தேன். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. மாத்திரை போட மறந்துவிட்டேன், சாயங்காலம் போட்டேன்.

இருபத்து மூன்று, பதினாலாக இறங்கியது.

ஜூன் 20, வெள்ளி

கோரைப்பாயை விரித்துப் பலகைக்கு அடியில் படுத்தேன். எழுந்திருக்கும்போது மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. முட்டி அதன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

அடியில் பார்த்ததை எழுதவே கை கூசுகிறது. இவ்வளவு பெரிய லேஅவுட்டுக்கு கரண்ட் ஏறுவது மூன்றே இடத்தில். மற்ற இடத்துக்கெல்லாம் ஒரு தண்டவாளத்திலிருந்து அடுத்த தண்டவாளத்துக்கு, நடுவில் செருகிய சின்ன பித்தளை கிளிப் வழியாகத்தான் போயாக வேண்டும். கிளிப் லூசானால் அதற்கப்பால் கரண்ட் இல்லை. இருக்கிற மூன்று இடத்திலும் பற்றவைத்தது உப்புமாவில் கட்டி விழுந்த மாதிரி. ஈயம் உருகி வயரோடு கலந்திருந்தால் பளிச்சென்று வழுக்கிக்கொண்டு இருக்கும். இது சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரை சால்டர். தொட்டுப் பார்த்தால் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் கரண்டை மனசு வந்தால் விடும், வராவிட்டால் விடாது.

பரணிலிருந்து என் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், வயர் உரிக்கிற கொறடு, கண்ணில் மாட்டுகிற லென்ஸ். துருப்பிடிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது என் பழக்கம். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

அம்பத்தூரில் ஸ்டெபிலைசர் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து பற்றவைத்தவள் நான். ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது பாயிண்ட். வரிசையில் என் போர்டு வந்தால் சூப்பர்வைசர் புரட்டிப் பார்க்காமல் தள்ளிவிடுவார். "குணவதி போர்டா, போட்டும்" என்பார். பிறகு ஏன் வேலையை விட்டேன் என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். 'சுபாஷிணி பிளஸ் டூ, வீட்டில் ஆள் வேண்டும்' என்று அவர் சொன்னார், நான் நின்றுவிட்டேன். அவ்வளவுதான்.

நான் நின்று இரண்டு வருஷம் கழித்து அவர் இந்தப் பலகையை வாங்கி வந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

எபினேசர் சார் தனியாக வந்தார். கையில் விரல் நகம் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர்.

"இத இன்ஜின்ல வச்சிட்டா ரெண்டு செகண்ட் கரண்ட் இல்லேன்னாலும் ஓடும். நான் வந்து வச்சுத் தரேன் சிஸ்டர். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"ரயிலுக்கு வியாதி இல்ல சார். தண்டவாளத்துக்குத்தான் வியாதி. நோயாளிய விட்டுட்டு பக்கத்து பெட்காரருக்கு ஊசி போடச் சொல்றீங்க."

"எல்லாரும் இதத்தான் போடறோம்."

"எல்லாருக்கும் ஓடுதா?"

என் டப்பாவைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். "இது யாருது?" என்றார். என்னுடையது என்றேன். தணிகாசலம் ஒரு வார்த்தை சொன்னதே இல்லையே என்றார். பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் காப்பி குடித்த மனுஷன்.

கெப்பாசிட்டரை வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல சாமான்தான். பாதை சரியானபிறகு பொருத்தலாம், ஓட்டையை மூடிமறைக்க அல்ல.

ஜூன் 30, திங்கள்

ஒரு வாரமாக இதே வேலை. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து ஒரு ஜோடி வயர், சிவப்பும் கறுப்பும். மொத்தம் நாற்பத்தொரு துண்டு. கை முதல் நாள் கொஞ்சம் தடுமாறியது. மூன்றாம் நாளிலிருந்து அதற்கே ஞாபகம் வந்துவிட்டது. அயர்னை வைத்து, இரண்டு எண்ணி, ஈயத்தைக் காட்டி, ஒன்று எண்ணி எடுத்தால் போதும். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதுவதில் என்ன வெட்கம், சந்தோஷமாகத்தான் இருந்தது.

முடித்த துண்டை ஐந்து ரூபாய் நாணயத்தால் சோதிப்பேன். நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்தால் பெட்டி 'டக்'கென்று கரண்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் வயர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தாமல் முழித்துக்கொண்டிருந்தால் எங்கோ வழியில் கரண்ட் இளைத்துப்போகிறது.

நாற்பது துண்டில் டக் கேட்டது. குகைக்குள் இருக்கும் துண்டுக்கு மட்டும் கை எட்டவில்லை. மலையைப் பலகையோடு ஒட்டிவிட்டிருக்கிறார். அங்கிருந்து ஒரு ஜோடி வயர் ஏற்கெனவே ஒழுங்காக, கிளிப் போட்டு இறங்குகிறது. அவர் செய்ததில் அதுதான் பார்க்க நேர்த்தியாக இருந்தது. அதையும் பெட்டிக்குப் போகிற பொது வயரோடு சேர்த்தேன்.

இப்போது சுற்றுக்கு இரண்டு தடவைதான் நிற்கிறது. இரண்டும் குகைக்குப் பக்கத்தில்.

ஜூலை 4, வெள்ளி

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி குகைக்குள் போய் நின்றது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இடது கையைப் பலகைக்கு அடியில் வைத்தேன். விரல் உள்ளே போனது.

மலைக்கு அடியில், நாற்காலிப் பக்கத்துச் சட்டத்தின் மறைவில் ஒரு ஓட்டை; கீழே படுத்து வேலை செய்தபோது கண்ணில் படவே இல்லை. உள்ளங்கை நுழைகிற அளவு. ரம்பத்தால் வெட்டி, ஓரத்தை மழமழவென்று தேய்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, முகத்தில் ஒன்றும் தெரியாமல், கையை நுழைத்து நின்றுபோன இன்ஜினை முன்னால் தள்ளிவிடலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஓரம் கறுத்துப்போயிருக்கிறது. கை பட்டுப் பட்டு வந்த கறுப்பு.

ஜூலை 5, சனி

ரசம் வைத்தேன். அந்த அறைக்குப் போகவில்லை.

ஜூலை 7, திங்கள்

அவர் தேறிய நாள் ஞாபகம் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஐந்து பேர். நான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். தட்டோடு கதவுக்கு வெளியே நின்றபோது அந்த ஸ்டார்ட் சத்தம் கேட்டது. சமையலறைக்குத் திரும்பி மிச்ச வடையைப் போட்டு முடிப்பதற்குள் இன்னும் மூன்று தடவை கேட்டது. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடின வண்டிக்கு நாலு தடவை ஸ்டார்ட் எதற்கு? எனக்கு அன்றைக்கே தெரியும். சாயங்காலம் அவர் சட்டமிட்ட சான்றிதழோடு வந்து நின்றார். "நல்லாருக்குங்க" என்றேன்.

தெரிந்தும் சொல்லாதது என் தப்பா? இருக்கலாம். ஆனால் கேட்காத வாய்க்கு யார் பதில் சொல்வது.

ஓட்டை வழியாக மீட்டர் முனைகளை நுழைத்து குகைத் தண்டவாளத்தைச் சோதித்தேன். பதினைந்து வோல்ட், சுத்தமாக. கிளிப்பில்தான் அழுக்கு என்று முடிவு செய்து, துணியைக் குச்சியில் சுற்றிக் குகைவாயிலிருந்து இரண்டு பக்கமும் துடைத்தேன். பத்துச் சுற்று ஓட்டினேன். எங்கேயும் நிற்கவில்லை.

ஜூலை 9, புதன்

ஓட்டையை அடைத்துவிட்டேன். ஒரு சாண் பிளைவுட் துண்டு, நாலு ஸ்குரூ. சோதனை அன்று எனக்கும் இடது கை இருக்கும், ஆசையும் இருக்கும். நான் ஒன்றும் மகான் இல்லை.

ஜூலை 14, திங்கள்

நாற்பது நிமிடம் ஓடியது. மீதி இருபதை ஏரியாவில் கரண்ட் போய் எடுத்துக்கொண்டது. கெப்பாசிட்டரை இன்ஜினுக்குள் பற்றவைத்தேன், அரிசி அளவு இடத்தில் இரண்டு வயர். லென்ஸ் இல்லாமல் செய்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

தண்ணி மோட்டார் போட மறந்து மேல்வீட்டுக்காரி சத்தம் போட்டாள்.

ஜூலை 19, சனி

நாளை. எபினேசர் சார் போனில், "காப்பி, டிபன் எல்லாம் வழக்கம்போல சிஸ்டர்" என்றார். நாளை நான்தான் ஓட்டுகிறேன், வடை தட்ட ஆள் இல்லை, பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். பிறகு "சர்க்கரை போட்டா, போடாமயா?" என்று கேட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றையும் விடாமல்.

சரியாகப் பத்து மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். பாய் கையில் கடிகாரம், எபினேசர் சார் மடியில் ரெஜிஸ்டர். நான் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அதில் எபினேசர் சாரை உட்கார வைத்துவிட்டு நான் எதிரில் நின்றேன்.

இன்ஜின் கிளம்பியது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. அந்த எறும்பு வேகத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. பாலம், வயல், ஸ்டேஷன், குகை. இருபது நிமிடத்தில் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்தில் எபினேசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நாற்பதைத் தாண்டியதும் எனக்கே வியர்க்க ஆரம்பித்தது. மரம் செடி ஆடும் என்று ஃபேன் போடவில்லை.

ஐம்பத்தொன்றாம் நிமிடம் குகைக்குள் போனது. உறுமல் ஒரு நொடி, இரண்டு நொடி கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. வெளியே வரவில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். எபினேசர் சாரின் இடது கை மெதுவாகப் பலகைக்கு அடியில் போனது. தேடவில்லை, தடவவில்லை, நேராக அந்த இடத்துக்கே போனது. பிளைவுட்டில் விரல் முட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அடைச்சிட்டீங்களா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் சிஸ்டர் வெட்டிக் குடுத்தேன். அவரு எங்க வீட்டுக்கு வந்து வெட்டிக் குடுத்தாரு."

பாய் கடிகாரத்தை மூடினார். "எங்க வீட்ல பாலத்துக்கு அடியில இருக்கும்மா" என்றார்.

"அப்ப ரெஜிஸ்டர்ல இருக்கிற பதினோரு பேரும்?"

"எங்களுக்குள்ள யாரும் கேட்டுக்கறதில்ல" என்றார் எபினேசர் சார். "வண்டி எல்லார் வீட்லயும் நிக்கும். அதான் இன்னிக்கு தள்ளி விடலாம்னு... ஒம்பது நிமிஷம்தான் பாக்கி. லேஅவுட் உங்ககிட்டயே இருக்கட்டும்னு நினைச்சேன். சத்தியமா."

அவர் நினைத்தார், நம்புகிறேன். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை வாங்கிக்கொண்டால் இந்த லேஅவுட் அவர் தயவில் என் வீட்டில் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வண்டி நின்னுடுச்சு. ஐம்பத்தொண்ணுன்னு எழுதிக்குங்க. முதல்லேர்ந்து ஓட்டறேன்."

"விதிப்படி ஒரு தடவைதான் சிஸ்டர்."

"விதில ஒரு மணி நேரம்னுதான் இருக்கு. அது எந்த மணின்னு இல்ல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல. உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

இருவருக்கும் வேறு வேலை இல்லை. சமையலறைக்குப் போய் தேங்காய்க் கத்தியை எடுத்து வந்தேன்.

"மலைய வெட்டாதீங்க சிஸ்டர், ஆறு மாசம் உக்காந்து பண்ணாரு" என்று எபினேசர் சார் எழுந்தே விட்டார்.

வெட்டினேன். பிளாஸ்டர் ஒரு அங்குலம்தான், உள்ளே கோழிவலையும் பேப்பரும். கால் மணி நேரத்தில் மலையின் ஒரு பக்கத்தை மூடி மாதிரி எடுத்துக் கீழே வைத்தேன். லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

தப்பு என்னுடையது, அதை முதலில் எழுதுகிறேன். வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர பாரம் ஏற்றிப் பார்க்கவில்லை. ஓட்டை வழியாக நாணயத்தை வைத்துப் பார்த்திருக்கலாம், மீட்டரை நம்பினேன். டிரை சால்டர் மீட்டருக்குப் பதினைந்து வோல்ட்டும் காட்டும், இன்ஜின் வந்து இழுக்கும்போது கைவிரிக்கும். பெஞ்சில் முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம். கீழே வயர் ஒழுங்காக இருந்தது என்று மேலேயும் ஒழுங்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

மேலே அந்த ஒரு இணைப்பு. அதை எப்படி எழுதுவது. ஈயத்தின்மேல் ஈயம், அதன்மேல் ஈயம். ஏழெட்டுத் தடவை வைத்திருக்கிறார். சூட்டில் அடியிலிருந்த பிளாஸ்டிக் கட்டைகள் ஐந்தாறு உருகி வளைந்திருக்கின்றன. ஒரு இடத்தில் ஈயத்தில் அவர் விரல் ரேகை பதிந்திருக்கிறது. சூட்டோடு அழுத்திப் பிடித்துப் பார்த்திருக்கிறார் போல. அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கே கோளாறு என்று முழுசாகத் தெரிந்திருக்கிறது. சரிசெய்யத்தான் வரவில்லை. வராமல்போய், அதன்மேல் மலையைக் கட்டி ஒட்டிவிட்டார்.

கண்ணில் தண்ணீர் வந்து லென்ஸ் மங்கியது. கழற்றித் துடைத்தேன். பாய் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்தேன். தண்டவாளத்தின் பக்கத்தைச் சுரண்டி, ஈயம் ஒட்ட ஃப்ளக்ஸ் தடவி, அயர்னை வைத்து, இரண்டு எண்ணி, ஈயம் காட்டி, எடுத்தேன். சிவப்பு, கறுப்பு இரண்டும். ஐந்து ரூபாயைக் குறுக்கே வைத்தேன். பெட்டி டக்கென்று நின்றது.

பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இந்தத் தடவை மலை திறந்து கிடந்ததால் வண்டி குகைக்குள் போவது, உள்ளே ஓடுவது, வெளியே வருவது எல்லாமே மூன்று பேருக்கும் தெரிந்தது. எபினேசர் சார் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடிமேல், ரெஜிஸ்டருக்கு மேலே வைத்துக்கொண்டார். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஸ்டார்ட் சத்தம் ஒரே ஒரு தடவை, ஆரம்பத்தில் கேட்டதோடு சரி. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாய், "ஆச்சும்மா" என்றார். நான் நிறுத்தவில்லை, இன்னும் நாலு சுற்று விட்டேன். யார் என்ன கேட்பது.

எபினேசர் சார் பேனாவைத் திறந்து, "தணிகாசலம் லேஅவுட்னே எழுதிடறேன்" என்றார்.

"லேஅவுட் அவர் பண்ணது, அப்படியே எழுதுங்க. ஓட்டினது குணவதி. முதல் ஓட்டம் ஐம்பத்தொண்ணாவது நிமிஷம் நின்னுது, அதையும் எழுதுங்க."

"நின்னத யாரும் எழுதறதில்ல சிஸ்டர்."

"தெரியும். எழுதுங்க."

எழுதினார். பிளாஸ்க்கில் காப்பி ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் அதையே குடித்தோம்.

படி இறங்கும்போது பாய் மட்டும் நின்றார். "எங்க வீட்டு பாலத்த ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?" என்றார். வியாழக்கிழமை வருகிறேன், தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் இருங்கள் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

சுபாஷிணி போன் செய்து, "அப்பா இருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள். பட்டிருக்க மாட்டார். அவமானப்பட்டிருப்பார். அவளிடம் "ஆமாண்டி" என்றேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. எனக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே வந்தால் கெடுத்துவிடுவேன் என்று நினைத்துத்தான் கதவைச் சாத்தினார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. எனக்குத் தெரியும் என்பதற்காகச் சாத்தியிருக்கிறார். உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தால் அந்தச் சாம்பல் உருண்டைகள் என் கண்ணில் படும். தானே வேலையை விட வைத்த பெண்டாட்டியிடம் போய், எனக்கு இது வரவில்லை, நீ பற்றவைத்துத் தா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டார். ஓட்டை போட்டுக்கொண்டார். மலை கட்டினார். எல்லாம் செய்தார், கேட்பதைத் தவிர.

பாவம் என்று சொல்லி ஆறிவிடலாம். நான் ஆறப்போவதில்லை. அவர்மேல் பிரியம் இருந்தது, இருக்கிறது, அது தனி. இந்தக் கோபம் என்னுடையது. பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

மத்தியானம் கீரையை ரயில் அறையிலேயே உட்கார்ந்து ஆய்ந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெட்டின மலையை ஒட்டலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குனிந்து அந்த இணைப்பை இன்னொரு தடவை பார்த்தேன். நேற்று அயர்ன் சூடானதிலிருந்து நாணயம் வைத்தது வரை எவ்வளவு நேரம் ஆனது என்று பாயிடம் போனில் கேட்டேன். மனுஷன் அதையும் கடிகாரத்தில் பார்த்து வைத்திருக்கிறார்.

பத்து நிமிடம். கூப்பிட்டிருந்தால் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பேன்.